எண்ணூறு ராண்டு ஜாமீனும் நிரம்பி வழியும் சிறைகளும்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருப்பவரை எல்லோரும் 'பெரிமா' என்றுதான் கூப்பிடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. உறவுமுறைச் சொற்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, தெருவில் முதல் அடுப்பு எரிவது பெரிமா வீட்டு வாசலில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த ஞாயிறு அடுப்பு எரியவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார். ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கூட இருக்கும் பேரன், இருபத்து நான்கு வயது, ஆளில்லாத வீடு ஒன்றிலிருந்து செம்புக் குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போகும் வழியில் பிடிபட்டிருக்கிறான். மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்துவிட்டார். தொகை 800 ராண்டு. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். அது வீட்டில் இல்லை. முதியோர் உதவித்தொகை மாதத் தொடக்கத்தில்தான் வரும். அவன் பிடிபட்டது மாத நடுவில். இருபத்து மூன்று நாள் உள்ளே கிடந்தான்.

தெருவில் யாரிடம் கேட்டிருந்தாலும் அந்தப் பணம் கிடைத்திருக்கும். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு மாதம் யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் இருந்திருக்கிறார் பெரிமா.

அடுத்த வாய்தாவுக்கு நானும் கூடப் போனேன். நீதிமன்றத்துக்கு அடியில்தான் கைதிகளை வைக்கும் அறைகள். பெயர் கூப்பிட்டதும் கீழிருந்து படியேறிக் கூண்டுக்குள் வருகிறார்கள். முதலில் தலை தெரியும், அப்புறம் தோள், கடைசியில் கயிறு உருவப்பட்ட காலணி. அன்று காலை நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பதினோரு பேர் ஏறி வந்தார்கள். ஒருவருக்கு மூன்று நாலு நிமிஷம். ஏழு பேருக்கு ஜாமீன் தொகை சொல்லப்பட்டது. 'இவ்வளவு கட்ட முடியுமா' என்று யாரையும் கேட்டதாக என் காதில் விழவில்லை. தென்னாப்பிரிக்காவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஜாமீனுக்குப் பணம் நிபந்தனை என்றால், அதைக் கட்டும் சக்தி அந்த ஆளுக்கு உண்டா என்று நீதிமன்றம் தனியாக விசாரிக்க வேண்டும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கூண்டில் நின்றவர்களுக்கு அது எட்டவில்லை.

இந்த நாட்டின் சிறைகள் ஏன் இப்படிப் பிதுங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, என்னைப் பொறுத்தவரை, பெரிய தாதாக்களின் கதைகளை விட அந்த 800 ராண்டு அதிகம் உதவும்.

கணக்கைப் பார்ப்போம். 2023 வாக்கில் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 1,57,000 பேர். இருக்கிற இடமோ சுமார் 1,07,000 பேருக்கு. அதாவது ஐம்பதாயிரம் பேர், படுக்கை என்று ஒன்று இல்லாமலே உள்ளே இருக்கிறார்கள். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு சுமார் 250 பேர் சிறையில் என்று ஆகிறது. இந்தியாவில் இதே கணக்கு நாற்பதை ஒட்டி நிற்கிறது. உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் விசாரணைக் கைதிகள், இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இந்தியா இன்னும் மோசம். அங்கே நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். நாம் யாரும் மார் தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.)

அந்த விசாரணைக் கைதிகளுக்குள் ஒரு கூட்டம் இருக்கிறது. நீதிமன்றமே 'இவரை வெளியே விடலாம், ஆபத்தில்லை' என்று முடிவு செய்து ஜாமீன் கொடுத்து, பணம் கட்ட முடியாததால் மட்டும் உள்ளே கிடப்பவர்கள். 1,000 ராண்டுக்கும் குறைவான தொகைக்காக இப்படிக் கிடப்பவர்கள் 2,500 பேருக்கு மேல் என்று சிறைத்துறை அமைச்சர் பீட்டர் குருனவால்ட் 2024 கடைசியில் சொன்னார். ஒரு கைதிக்கு அரசு ஒரு நாளைக்குச் செலவிடுவது 400 ராண்டுக்கும் மேல். பெரிமாவின் பேரன் கட்ட வேண்டிய தொகையை அவனை உள்ளே வைத்த இரண்டாம் நாளே அரசு செலவழித்துவிட்டது. மீதி இருபத்தோரு நாள் செலவு எதற்கு என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

அந்த இருபத்து மூன்று நாளில் அவன் இழந்ததைப் பட்டியல் போட்டால் அரசின் செலவு சிறியதாகிவிடும். கார்களுக்கு ஒடுக்கெடுத்து வர்ணம் பூசும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது நாளே அங்கே வேறு ஆள் வந்துவிட்டான். காசநோய்க்காரர் ஒருவர் இருமிக்கொண்டே இருந்த அறையில் படுத்திருந்திருக்கிறான். கட்டிலை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்களாம். வெளியே வந்தபோது அவனுக்குப் பழக்கம் இரண்டாகியிருந்தது: போவதற்கு முன் இருந்த 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள், உள்ளே கற்றுக்கொண்ட பயம். யாராவது பின்னால் நடந்து வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்று அவர்களை முன்னால் போகவிடுவான். இன்றைக்கும் அப்படித்தான்.

சரி, சிறைகள் இவ்வளவு நிரம்பியது எப்படி?

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. அடுத்த வருஷம், 1995 ஜூனில், புதிய அரசியல் சாசன நீதிமன்றம் மக்வான்யானே வழக்கில் தூக்குத் தண்டனையை ஒழித்தது. தீர்ப்பில் அந்த நீதிமன்றத்தின் தலைவராக இருந்த நீதிபதி ஆர்தர் சாஸ்கல்சன் ஒரு முக்கியமான விஷயத்தை எழுதினார்: குற்றம் செய்ய நினைப்பவனைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் இல்லை, பிடிபடுவோம், தண்டிக்கப்படுவோம் என்ற நிச்சயம். அன்றைய நிலைமையோ பயங்கரமாக இருந்தது. வீடு புகுந்து கொள்ளை, கார் கடத்தல், கொலை; மக்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கை எடுத்துவிட்டீர்களே, இனி என்ன என்ற கோபத்துக்கு அரசு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில்தான் 1997ஆம் ஆண்டின் 105ஆம் எண் சட்டம். குறிப்பிட்ட குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனை இவ்வளவு என்று அது நிர்ணயித்தது. ஆயுதத்தோடு செய்த கொள்ளைக்கு, முதல் குற்றமானாலும், 15 வருஷம். திட்டமிட்ட கொலைக்கு ஆயுள். 'கணிசமான, வலுவான காரணங்கள்' இருந்தால் மட்டும் நீதிபதி இதிலிருந்து இறங்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் 1998இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள், 2007இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். தற்காலிகக் கொட்டகை வீடாகிவிடுவது நமக்குத் தெரியாததா!

விளைவு என்ன? 1990-களின் நடுவில் நாடு முழுவதும் ஆயுள் கைதிகள் நானூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். இன்று 17,000-க்கும் மேல். மொத்தக் கைதிகள் எண்ணிக்கை 2004 வாக்கில் 1,87,000-ஐத் தொட்டது. 2005இல் பல ஆயிரம் பேருக்குத் தண்டனைக் குறைப்புக் கொடுத்து வெளியே விட்டார்கள். அதன் பிறகு எண்ணிக்கை குறைந்தது போலத் தோன்றினாலும் உள்ளே நடந்தது வேறு. வருகிறவர்கள் குறைகிறார்கள், வந்தவர்கள் வெளியே போவதில்லை. 2004 அக்டோபருக்குப் பிறகு ஆயுள் தண்டனை பெற்றவர் பரோலுக்குப் பரிசீலிக்கப்படவே 25 வருஷம் ஆக வேண்டும். தண்ணீர் வரத்து குறைந்தும் வெளியேறும் மடையை அடைத்துவிட்டால் குளம் நிரம்பத்தானே செய்யும்.

கொலை குறைந்ததா? 2022-23இல் மட்டும் 27,000-க்கும் மேல் கொலைகள். காவல்துறை துப்புத் துலக்கியவை நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில்தான். இந்த இரண்டு எண்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கடி யோசிப்பேன். கொலை செய்த நூறு பேரில் எண்பது பேருக்கு மேல் பிடிபடவே இல்லை. பிடிபட்ட சிலருக்கு நாள்களைக் கூட்டிக்கொண்டே போகிறோம். சாஸ்கல்சன் 1995இல் எழுதியதை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறோம். இவ்வளவு சிறை இருந்தும் என் பக்கத்து வீட்டார் இரவில் கேட்டை மூன்று பூட்டுப் போட்டுப் பூட்டுகிறார்கள். அவர்கள் பயம் நியாயமான பயம். அந்தப் பயத்துக்கு அரசு கொடுத்த மருந்துதான் தவறு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். டட்லி லீ என்பவர் 1999இல் கைதாகி, கேப் டவுனுக்கு அருகிலுள்ள போல்ஸ்மூர் சிறையில் நாலரை வருஷத்துக்கும் மேல் விசாரணைக் கைதியாக இருந்தார். எழுபது தடவை அளவில் நீதிமன்றத்துக்குப் போய் வந்தார். கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலை. ஆனால் சிறைக்குள் அவருக்குக் காசநோய் வந்துவிட்டது. அவர் வழக்குப் போட்டார். எந்தக் கைதி மூலம், எந்த நாளில் கிருமி தொற்றியது என்று யாரால் நிரூபிக்க முடியும்? அது தேவையில்லை, நோய் பரவாமல் தடுக்கும் ஏற்பாட்டைச் சிறைத்துறை ஒழுங்காகச் செய்யாததே போதும் என்று 2012 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மூன்று வருஷம் கழித்து அதே போல்ஸ்மூரை நீதிபதி எட்வின் கேமரூன் நேரில் போய்ப் பார்த்தார். கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இல்லாத அறைகள், அழுக்கு, சொறி, வேலை செய்யாத கழிப்பறை, வெளிக்காற்றே காணாமல் நாள் முழுவதும் அடைபட்டுக் கிடப்பவர்கள் என்று அவர் அறிக்கை போனது. அதை வைத்துத் தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் அந்த விசாரணைச் சிறையின் கூட்டத்தைக் கொள்ளளவின் 150 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. நூற்றைம்பது சதவீதம் என்பதே நிம்மதியாகத் தோன்றும் அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் கைதிகளை நடத்தும் விதிகளைத் திருத்தி அவற்றுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்தது. அதே மண்டேலாவும் ஒரு காலத்தில் போல்ஸ்மூரில் அடைபட்டிருந்தார்.

இப்போது நம் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கோயில் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால், 'நம்மவர்கள் எங்கே ஜெயிலில் இருக்கிறார்கள், இது நம் பிரச்சினையா' என்று கேட்பார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சொல்வது உண்மைதான். இந்திய வம்சாவளியினர் மக்கள்தொகையில் இருக்கும் விகிதத்தை விடச் சிறையில் குறைவு. கலப்பின மக்கள்தான் தங்கள் விகிதத்தைப் போல இரண்டு மடங்கு உள்ளே இருக்கிறார்கள். கேப் டவுனின் மணல்மேட்டுக் குடியிருப்புகளில் தகப்பன், மகன், மாமன் என்று மூவரும் ஒரே சிறையைப் பார்த்த குடும்பங்கள் உண்டு. '26', '27', '28' என்ற எண்களைப் பெயராகக் கொண்ட சிறைக் கும்பல்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தச் சுவர்களுக்குள் வாழ்கின்றன. சின்னத் திருட்டுக்கு உள்ளே போன பையன் தன் பாதுகாப்புக்காக ஒரு எண்ணை ஏற்றுக்கொண்டால், வெளியே வந்த பிறகும் அது அவனை விடாது. கறுப்பின மக்களின் கதை இன்னும் நீளம். சொந்த மண்ணில் நடமாட அனுமதிச்சீட்டு கேட்டு, அது இல்லையென்றால் சிறை என்று 1986 வரை நடந்த நாடு இது. ஒரு குடும்பத்தின் ஆண் சிறைக்குப் போவது அவர்கள் வாழ்க்கையில் காய்ச்சல் மாதிரி வந்து போகிற விஷயமாக அன்றே ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் 'நம் பிரச்சினையா' என்று தமிழர் கேட்கலாமா? 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்து டர்பனில் நின்ற ட்ரூரோ கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு இந்த நாடு முதலில் காட்டியது கரும்புத் தோட்டம், அதற்கு அடுத்தது சிறைதான். ஒப்பந்தக் கூலி சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் அது குற்றம். வேலைக்கு வர மறுத்தால் குற்றம். முதலாளிக்கும் கூலிக்கும் இடையிலான தகராறை வேறு இடத்தில் சிவில் வழக்கு என்பார்கள். டர்பன் இருக்கும் நேட்டாலில் அதற்கு ஜெயில். 1913இல் தலைக்கு மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களை அடைக்க இடம் போதாமல், அவர்கள் வேலை பார்த்த சுரங்க வளாகங்களையே சிறையாக்கினார்கள்.

தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழ்நாட்டில் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பதினாறு வயது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவலில் இருந்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். அவளுக்கு முன்னால் நாகப்பன். 1909 ஜோகன்னஸ்பர்க் குளிரில் கைதியாக ரோட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, நுரையீரலில் சளி கட்டி, விடுதலையான சில நாளில் ஜூலை 6 அன்று போய்விட்டான். இருவர் கல்லறையும் பிராம்ஃபோன்டீன் இடுகாட்டில் இருக்கின்றன. வீரம், தியாகம் என்று நாம் மாலை போடுகிறோம், போட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் உயிரை எடுத்தது எது என்று பார்த்தால், நெரிசலும் குளிரும் மருந்தில்லாமையும். டட்லி லீயின் நுரையீரலைக் கெடுத்ததும் அந்த வகைதான்.

நான் ஒருமுறை ஜோகன்னஸ்பர்க் போனபோது அரசியல் சாசன நீதிமன்றத்தைப் பார்த்தேன். பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் கட்டியிருக்கிறார்கள். விசாரணைக் கைதிகளை அடைத்து வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதன் செங்கற்களையே நீதிமன்ற அறையின் சுவருக்கு எடுத்திருக்கிறார்கள். சாந்து பூசவில்லை. கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இடித்த கட்டடத்தின் மாடிப்படிக் கூண்டுகள் நாலு மட்டும் வெளியே நிற்கின்றன. நீதிபதிகள் தினமும் அந்தக் கல்லுக்கு முன்னால் உட்காருகிறார்கள்.

அந்த அறையிலிருந்து வந்த தீர்ப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2007இல் வந்த ஒன்று. கிரெடிட் கார்டு மோசடி செய்த ஒரு தாய். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். நாலு வருஷத் தண்டனை. அவளைத் தண்டிக்கும்போது பிள்ளைகளைப் பற்றி நீதிமன்றம் தனியாக யோசிக்க வேண்டாமா என்பது கேள்வி. யோசித்தே ஆக வேண்டும் என்று நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதினார். நிறவெறி ஆட்சியில் விசாரணையே இல்லாமல் தனிமைச் சிறையில் கிடந்தவர் அவர். ஏற்கெனவே மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்ட அந்தத் தாயை மறுபடி அனுப்பாமல், சீர்திருத்தக் கண்காணிப்பின் கீழ் வீட்டில் இருக்கவும், ஏமாற்றியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கட்டவும் உத்தரவாயிற்று. ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்ப வழி செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவள் சிறையில் இருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு சல்லிக்காசு திரும்பியிருக்காது.

மாற்று வழி என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பாதிக்கு மேல் சட்டத்திலேயே கிடக்கிறது. 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவில், சிறைக்குப் பதிலாக மூன்று வருஷம் வரை வீட்டுக் கண்காணிப்பில் வைக்க வழி உண்டு. வேலைக்குப் போகலாம், குறித்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும், சமூகப் பணி செய்ய வேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார். 62ஆம் பிரிவில் விசாரணைக் கைதியைப் பணத்துக்குப் பதிலாக அதிகாரியின் கண்காணிப்பில் விடலாம். 63ஏ பிரிவு இன்னும் நேரடியானது: சிறை நிரம்பி ஆட்களின் உடல்நலத்துக்கே ஆபத்து என்றால், ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாதவர்களை விடச் சொல்லி, சிறைத் தலைவரே நீதிமன்றத்துக்குப் போகலாம். இவை எல்லாம் இருந்தும் பயன்படுவது குறைவு. கண்காணிக்கும் அதிகாரிகள் போதாது, மனுப் போட நேரமில்லை, 'விட்டவன் ஏதாவது செய்துவிட்டால் என் பெயர் நாளிதழில் வரும்' என்ற பயம். உள்ளே வைத்ததால் ஒருவன் கெட்டுப்போனால் யார் பெயரும் எங்கும் வராது.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்குக் குழந்தைகள் விஷயத்தைக் காட்டுவேன். 2000-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் பதினெட்டு வயதுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2010 ஏப்ரலில் சிறார் நீதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கைதான பிள்ளையை வழக்குக்கு முன்பே சமூகப் பணியாளர் பார்க்க வேண்டும். முடிந்தவரை நீதிமன்றத்துக்கு வெளியே, மன்னிப்பு, ஈடு, பயிற்சி என்று திருப்பிவிட வேண்டும். 1910இலிருந்து இந்த நாட்டில் இயங்கும் நிக்ரோ போன்ற அமைப்புகள் அந்தப் பயிற்சிகளை நடத்துகின்றன. பாதிக்கப்பட்டவரும் செய்தவனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் ஏற்பாடும் இருக்கிறது. நம் ஊர் மரத்தடிப் பஞ்சாயத்தின் நல்ல பாதி மாதிரி, சாதி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கெட்ட பாதி இல்லாமல். இன்று சிறையில் இருக்கும் சிறார்கள் நூற்றுக்கணக்கில் கூட இல்லை என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இறங்கிவிட்டது. அதனால் நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

போதை விஷயத்துக்கு வருகிறேன். 'சுகர்ஸ்' என்பது மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்பது. இருபது வருஷமாக சாட்ஸ்வொர்த் வீடுகளில் வாசல் குழாய், செருப்பு, அம்மாவின் தாலிக்கொடி என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. வேளைக்கு அது கிடைக்காவிட்டால் வயிற்றைப் பிசைந்து, எலும்பு முறிவது போல வலிக்கும். அந்த வலியை நிறுத்தத்தான் திருட்டு. இப்படிப்பட்டவனைப் பிடித்து அடைத்தால் வலி உள்ளே வரும், வெளியே வந்த அன்றே மறுபடி தேடிப் போவான். இடைவெளிக்குப் பிறகு பழைய அளவை எடுத்து உயிரை விட்டவர்களும் உண்டு.

2020 ஊரடங்கில் டர்பனில் ஒரு காரியம் நடந்தது. தெருவில் கிடந்தவர்களை நகராட்சி கூடாரங்களில் தங்கவைத்தபோது, போதைக்குப் பழகியவர்கள் ஒரேயடியாக நிறுத்த வேண்டி வந்து துடித்தார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மருத்துவர்களும் அவர்களுக்கு மெத்தடோன் கொடுத்தார்கள். அது மருந்து, வாயில் ஊற்றிக் குடிப்பது, வலியை அடக்கும், கிறுகிறுப்பு தராது. அதன் தொடர்ச்சியாக பெல்ஹேவன் என்ற மையம் திறந்தது. தினமும் போய் மருந்தைக் குடித்துவிட்டு, பேச ஆளிருந்தால் பேசிவிட்டு, வேலைக்குப் போகலாம். இதெல்லாம் ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று கோபப்படுவோரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அவர்களோடு வாதம் பண்ண எனக்கு மனசு வராது. ஆனால் திருடப் போகாமல் ஒருவன் காலையில் வேலைக்குப் போகிறான் என்றால் அது எனக்குப் போதும். அரசு மருத்துவமனைகளில் இது நீண்டகால சிகிச்சையாகப் பரவலாகக் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு 400 ராண்டு கொடுத்து அடைத்துவைக்கப் பணமிருக்கும் அரசுக்கு இதற்குப் பணமில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

'அப்படியென்றால் என் தம்பியைச் சுட்டவனையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாயா' என்று ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். இல்லை, அண்ணே. அவனை முதலில் பிடிக்கச் சொல்கிறேன். அவனைப் பிடிக்க வேண்டிய துப்பறிவாளரின் மேசையில் செம்புக் குழாய்க் கோப்புகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவன் வழக்கை நடத்த வேண்டிய நீதிமன்றத்தில் எட்டு வாய்தா போன சில்லறை வழக்குகள் நேரத்தைத் தின்கின்றன. அவனை ஒழுங்காக அடைத்துவைத்துத் திருத்த வேண்டிய சிறையில், எத்தனையோ பேருக்கு ஒரு காவலர் நின்றுகொண்டு எண்ணிப் பார்ப்பதோடு சரி.

பெரிமாவின் பேரன் வழக்கு ஒன்பது மாதம் இழுத்தது. ஐந்து வாய்தா. கோப்பு வரவில்லை, சாட்சி வரவில்லை, அப்புறம் மின்வெட்டு. கடைசியில் அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவன் இப்போது மெத்தடோன் குடிக்கிறான்; இரண்டு தடவை வழுக்கி விழுந்து மறுபடி போயிருக்கிறான். பழைய பட்டறை அவனைத் திரும்ப எடுக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஒரு தோட்டக்காரரோடு புல் வெட்டப் போகிறான்.

வழக்கு முடிந்தால் ஜாமீன் பணம் திரும்பக் கிடைக்கும், ரசீது வேண்டும். பெரிமா அதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். எடுக்கும்போது பாதி மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரசீது எண்ணை ஒரு துணியால் துடைத்துப் படித்து, 800 ராண்டை எண்ணிக் கொடுத்தார். அந்த வருஷ ஆடிக்குப் பெரிமா கூழுக்கு வாங்கிய கேழ்வரகும் சோளமாவும் அந்தப் பணத்தில்தான்.